மலை ரோட்டுக்கு ஒரு கொயிலோவர்: ஈகே3 சிவிக்கில் பூட்டிச் செட் பண்ணிய விவரம்

கொயிலோவர் என்றாலே காரைத் தரையோடு தரையாக இறக்குகிற சாமான் என்று நம் பக்கத்தில் பெயர் விழுந்துவிட்டது. உண்மையில் அது ஷொக்கும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒன்றாக வருகிற, உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய செட். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா என்று ஓடுகிற காருக்கு அதை வாங்க வேறு நல்ல காரணம் இருக்கிறது. சில்லு எவ்வளவு தூரம் மேலே ஏறலாம், எவ்வளவு கீழே தொங்கலாம், எவ்வளவு வேகமாகத் திரும்பி வரலாம் என்பதையெல்லாம் நாமே தீர்மானிக்கலாம். அதற்காகத்தான் என்னுடைய ஹொண்டா சிவிக் ஈகே3 காருக்குப் பூட்டினேன்.

ஏன் இந்தப் பழைய காருக்கு இவ்வளவு செலவு என்று கேட்பவர்கள் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. திறந்த பிறகும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அதனால் இருக்கிற காரை ஒழுங்காக வைத்திருப்பதுதான் கணக்கு. என் காரின் முன் ஷொக் இரண்டும் எண்ணெய் கக்கி, கொட்டகலைப் பக்க வளைவுகளில் மூக்கு ஆடிக்கொண்டே இருந்தது. எண்ணெய் மாற்றி அடைத்துத் தருகிற ரீகண்டிஷன் ஷொக்கை மலையில் நான் நம்புவதில்லை. புது ஷொக், புது ஸ்பிரிங், ஷொக்கின் தலையைக் காரோடு பிடிக்கிற மேல் மவுண்ட் என்று கொழும்பு பஞ்சிகாவத்தையில் தனித்தனியாக வாங்கக் கூட்டிப் பார்த்தபோது, நடுத்தரமான ஒரு கொயிலோவர் செட்டின் விலைக்குப் பக்கத்தில் வந்தது. அப்புறம் யோசிக்க ஒன்றும் இல்லை.

வாங்கும்போது நான் பார்த்தவை மூன்று. முதலாவது, உயரத்தை அடிப் பிராக்கெட்டில், அதாவது ஷொக்கின் அடியில் திருகிப் பூட்டுகிற துண்டில், மாற்றுகிற வகையாக இருக்க வேண்டும். இரண்டாவது, ஸ்பிரிங் கல் மாதிரி இருக்கக் கூடாது. என்னுடையது முன்னால் 7, பின்னால் 5. அதாவது முன் ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க 7 கிலோ பாரம் வேண்டும். கடைக்காரர் முன்னால் 10 இருக்கிற செட்டைத் தள்ளிவிடப் பார்த்தார், வேண்டாம் என்றேன். மூன்றாவது, மேல் மவுண்ட் ரப்பராக இருக்க வேண்டும். இரும்புக் குண்டு போட்ட பில்லோ பொல் மவுண்ட் ஸ்டியரிங்குக்குக் கூர்மை தரும், உண்மைதான். ஆனால் வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அந்தச் சேற்றிலும் ஈரத்திலும் குண்டு சீக்கிரம் தேய்ந்து, கடகடவென்று சத்தம் போடத் தொடங்கிவிடும்.

ஏப்ரல் சீசனில் மஹகஸ்தோட்டையிலும் ரதெல்லவிலும் மலையேற்றப் போட்டி பார்த்துவிட்டு வருகிற பையன்கள், அந்தக் கார்களைப் போலவே செட் பண்ணித் தரச் சொல்லிக் கராஜுக்கு வருகிறார்கள். போட்டிக் கார் மூடிய ரோட்டில், ஒரே ஆளோடு, மேலே மட்டும் ஏறுகிறது. நம் கார் அம்மா, பிள்ளைகள், அரிசி மூட்டை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக் கல் ரோட்டில் போய், கானைக் குறுக்கே கடந்து, மறுபடி கீழேயும் இறங்க வேண்டும். அதையும் இதையும் ஒரே அளவில் வைக்க முடியாது.

பூட்டுகிறவர்களே அடிக்கடி குழப்பிக்கொள்கிற ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கொயிலோவரின் திருகு நூல் போட்ட உடம்பில் வளையங்கள் இருக்கும். ஸ்பிரிங்கைத் தாங்குகிற வளையத்தை மேலே திருகினால் ஸ்பிரிங் முன்கூட்டியே அமுங்கும். அதுதான் பிரீலோட். பலர் நினைப்பது போல அதனால் ஸ்பிரிங் கடினமாகாது. 7 கிலோ ஸ்பிரிங்கை 10 மில்லிமீட்டர் முன்னரே அமுக்கி வைத்தால், 70 கிலோ பாரம் வரும்வரை அது அசையாது, அவ்வளவுதான். காரின் பாரம் அதைவிடப் பல மடங்கு. கார் கீழே நிற்கும்போது ஸ்பிரிங் முன்பு அமுங்கிய அதே அளவுதான் அமுங்கி நிற்கும், கார் மட்டும் சற்று உயர்ந்து நிற்கும். அப்படி உயர்ந்தால் சில்லு கீழே தொங்குகிற தூரம் குறையும். இந்த வளையத்தை இறக்கிக் காரைத் தாழ்த்தினால் மேலே ஏறுகிற தூரம் குறையும், குழியில் விழுந்ததும் ஷொக் முடிவுவரை போய் இடிக்கும். அடிப் பிராக்கெட்டைத் திருகினால் ஷொக்கின் ஓட்டம் அப்படியே இருக்க, மொத்த நீளம் மட்டும் மாறும். அதனால்தான் முதல் நிபந்தனையாக அதைக் கேட்டேன்.

அதற்கும் எல்லை உண்டு. ஈகே போன்ற இரட்டை விஷ்போன் சிவிக்கை, அதாவது சில்லை மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம் தாங்குகிற காரை, அளவுக்கு மிஞ்சி இறக்கினால், முன் மேல் ஆர்ம் காரின் பொடியில் போய் முட்டும். ஷொக்கில் ஓட்டம் மிச்சம் இருந்தாலும் அங்கே இரும்பும் இரும்பும் மோதும்.

இனி வேலைக்கு வருவோம். மலைநாட்டில் இந்த வேலையின் மிகக் கஷ்டமான சாமான் ஒரு தட்டையான தரை. வீட்டு முற்றம் சரிவு, ரோடு சரிவு, கராஜ் தரைகூட மழைத் தண்ணீர் ஓடச் சற்றுச் சாய்த்துத்தான் போட்டிருப்பார்கள். சரிவில் ஜக் போடவே கூடாது. ஈகேயின் ஹேண்ட் பிரேக் பின் சில்லைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிய கணமே கார் கைவிட்டுப் போய்விடும். கொட்டகலையில் தெரிந்த அண்ணன் ஒருவரின் கராஜில் சீமெந்துத் தரை இருந்தது. அதையும் நம்பாமல் மேசன்மார் லெவல் பார்க்கிற தண்ணீர்க் குழாயை எடுத்து, நாலு சில்லும் நிற்கிற இடத்தை அளந்தோம். ஒரு மூலை ஏழெட்டு மில்லிமீட்டர் தாழ்வு. அந்த இடத்தில் ஒட்டுப்பலகைத் துண்டு வைத்துச் சரிக்கட்டினோம். இதைச் செய்யாமல் உயரம் பார்ப்பது வீண் வேலை.

கழற்றும் முன்பே பழைய உயரத்தை எழுதிக்கொள்ள வேண்டும். தரையிலிருந்து அளக்காதீர்கள். டயர்க் காற்றும் தேய்மானமும் கணக்கைக் கெடுக்கும். சில்லின் நடு மையத்திலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளந்தால் போதும். எனக்கு முன்னால் 368, பின்னால் 362 மில்லிமீட்டர் வந்தது. வலப்பக்கம் இரண்டும் சில மில்லிமீட்டர் தாழ்வாக இருந்தன. எப்போதும் ஓட்டுநர் பக்கம்தானே பாரம்.

முன்பக்கம் கழற்றுவது பெரிய வித்தை இல்லை. காரை ஜக் ஸ்டாண்டில் உட்கார வைத்துச் சில்லைக் கழற்றியதும், ஷொக்கோடு பிடித்திருக்கிற பிரேக் குழாய்க் கிளிப்பை எடுத்துவிட வேண்டும். பிரேக் குழாயில் பாரம் தொங்கக் கூடாது. ஷொக்கின் அடி ஒரு கவட்டைக்குள் நிற்கும். டிரைவ் ஷாஃப்ட் அந்தக் கவட்டையின் நடுவால்தான் போகிறது. கவட்டையை இறுக்குகிற போல்ட், லோவர் ஆர்மில் பூட்டிய நீள போல்ட், இரண்டையும் எடுத்தால் கவட்டை கீழே வந்துவிடும். பிறகு பொனட்டைத் திறந்து மேல் நட்டுகளைக் கழற்ற வேண்டும். மேலே நடுவில் இருக்கிற பெரிய நட்டைத் தொடாதீர்கள். அதை அவிழ்த்தால் அமுங்கி நிற்கிற ஸ்பிரிங் பாய்ந்து கிளம்பும், கை போய்விடும். என் செட்டோடு மேல் மவுண்டும் வந்ததால் பழையதைப் பிரிக்கத் தேவை இருக்கவில்லை. பழைய மவுண்டையே போட வேண்டிய செட் என்றால், ஸ்பிரிங் அமுக்கி இருக்கிற கராஜில் கொடுத்துச் செய்வியுங்கள்.

பின்பக்கம்தான் நேரத்தைத் தின்றது. டிக்கியின் பக்க உறையை விலக்கினால் மேல் நட்டுகள் தெரியும், சுலபம். லோவர் ஆர்மில் போகிற அடி போல்ட் வேறு கதை. பழைய ஹொண்டாக்களில் அது புஷ்ஷின், அதாவது ஆர்மில் பொருத்திய ரப்பர் உறையின், உள்ளே இருக்கிற இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிவிடும். நட் கழன்றுவிடும், ஆனால் போல்ட்டைத் திருகினால் ரப்பர்தான் முறுகும். “தம்பி, அது சும்மா வராது, முந்தின நாளே எண்ணெய் விட்டு வை” என்று அண்ணன் சொல்லியிருந்தார். விட்டு வைத்தேன். வலப்பக்கம் வந்தது. இடப்பக்கம் எண்ணெய்க்கும் மசியவில்லை, சுத்தியலுக்கும் மசியவில்லை. கடைசியில் போல்ட்டை இருபக்கமும் வெட்டி எடுத்து, லோவர் ஆர்மையே மாற்றினோம். இதே கார் வைத்திருப்பவர்கள் வேலை தொடங்கும் முன்பே ஒரு ஜோடி பின் லோவர் ஆர்முக்கும் புது போல்ட்டுக்கும் காசு ஒதுக்கி வையுங்கள். பூட்டும்போது போல்ட்டின் உடம்பில் மெல்லிய கிரீஸ் பூசினால் அடுத்த முறை கழற்றுகிறவன் வாழ்த்துவான். நூலில் பூசக் கூடாது, இறுக்கக் கணக்கு மாறிவிடும்.

புதியதைப் பூட்டும் முன் மேசையில் வைத்தே பிரீலோட்டை முடித்துவிட்டேன். ஸ்பிரிங் வளையத்தைக் கையால் ஏற்றிக்கொண்டே போய், ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடாத இடத்தில் நிறுத்தி, முன்னால் அதற்கு மேல் ஒரு சுற்றுக்குள், பின்னால் பாரத்துக்காக இரண்டு சுற்று. இடமும் வலமும் ஒரே அளவா என்று நூலை ஸ்கேலால் அளந்து பார்த்துத்தான் பூட்டு வளையத்தை இறுக்கினேன். ஷொக்கின் தண்டில், இடி ரப்பருக்குக் கீழே ஒரு கேபிள் டையை இலேசாகக் கட்டினேன். சில்லு எவ்வளவு தூரம் ஏறியது என்பதை அது தள்ளப்பட்டு நிற்கிற இடம் பிறகு சொல்லும். ஐந்து ரூபாய்ச் சாமான்தான். பேச்சுக்கு இடமில்லாத சாட்சி.

பூட்டுவது கழற்றியதன் மறுதலை. கவட்டைக்குள் ஷொக்கை நுழைக்கும்போது அதன் புடைப்பும் கவட்டையின் பிளவும் நேராக வர வேண்டும். மேல் நட்டுகளை முதலில் கையால் மட்டும் பிடித்துவிட்டு, கீழே எல்லாம் கோத்த பிறகு இறுக்குங்கள். கவட்டையை இறுக்குகிற போல்ட்டுக்கு 43 நியூட்டன் மீட்டர், ஆர்மில் போகிற போல்ட்டுக்கு 64. டொர்க் ரென்ச் இல்லாவிட்டால் இரவல் வாங்குங்கள்.

பல கராஜ்களில் கவனிக்காமல் விடுகிற இடம் ஒன்று இருக்கிறது. புஷ் போட்ட போல்ட்டுகளைக் கார் மேலே தொங்கும்போது இறுக்கவே கூடாது. புஷ்ஷின் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கும். சில்லு தொங்குகிற நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டு இறக்கினால், அந்த ரப்பர் எந்நேரமும் முறுகியபடியே நிற்கும். சில மாதத்தில் கிழியும். அதுவரைக்கும் காரின் உயரமும் பொய்யாகக் காட்டும், ஏனென்றால் முறுகிய ரப்பரும் ஒரு ஸ்பிரிங் மாதிரி காரைத் தூக்கிப் பிடிக்கும். நாங்கள் லோவர் ஆர்முக்கு அடியில் ஜக்கை வைத்து, பொடி ஸ்டாண்டைவிட்டு மயிரிழை எழும்பும்வரை தூக்கி, அந்த நிலையில் ஒவ்வொன்றாக இறுக்கினோம். பிறகு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, பிரேக் குழாய் எங்கேயும் இழுபடவில்லை, ஸ்பிரிங்கில் உரசவில்லை என்று பார்த்துக்கொண்டோம்.

உயரத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாது. ஜக்கிலிருந்து இறக்கியதும் கார் சரியாக உட்காராது. முன்னும் பின்னும் உருட்டி, நாலு மூலையையும் அமுக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும். அளக்கும்போது ஓட்டுநர் இருக்கையில் என் எடைக்குக் கிட்டத்தட்டச் சமமான ஒரு மாவு மூட்டையை வைத்தேன். ஷொக் சில்லுக்கு நேர் மேலே இல்லாமல் ஆர்மின் உள்பக்கத்தில் நிற்பதால், பிராக்கெட்டில் 10 மில்லிமீட்டர் திருகினால் காரும் 10 மில்லிமீட்டர் இறங்கும் என்று எண்ணாதீர்கள். எனக்கு முன்னால் 14 வரைக்கும் இறங்கியது. இறுதியில் முன்னும் பின்னும் 350ல் நிறுத்தினேன். முன்பக்கம் 18 மில்லிமீட்டர் இறக்கம். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. மச்சான் ஒருவன் வந்து பார்த்துவிட்டு, “இவ்வளவு காசு கொடுத்து ஒன்றும் மாறலையே” என்றான். ஓட்டிப் பார்க்கச் சொல்லிச் சாவியைக் கொடுத்தேன்.

பிராக்கெட்டுக்குள் உடம்பின் நூல் எவ்வளவு ஏறியிருக்க வேண்டும் என்று செட்டோடு வருகிற தாளில் ஒரு குறைந்தபட்ச அளவு இருக்கும். காரை உயர்த்துகிற ஆசையில் அதைத் தாண்டிக் கழற்றினால், கீழே இறங்கும்போது அந்த இடம் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. இறக்குகிறவர்களை எல்லாரும் எச்சரிக்கிறார்கள், உயர்த்துகிறவர்களை யாரும் எச்சரிப்பதில்லை.

ஷொக்கின் இறுக்கத்தை மாற்றும் குமிழ் மேலே இருக்கிறது. எண்ணும்போது எப்போதும் முழுதாக இறுக்கிய இடத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தளர்ந்த பக்கத்தின் முடிவு சில ஷொக்கில் தெளிவாகத் தெரியாது. என்னுடையதில் 24 கிளிக். முதலில் நாலையும் நடுவில், 12ல் வைத்து ஓட்டினேன்.

தலவாக்கலையிலிருந்து நானுஓயா வரைக்குமான ஏ7 ரோடு இதற்கு நல்ல பரீட்சை. நல்ல தார், வளைவுக்கு மேல் வளைவு, இடையிடையே ஒட்டுப் போட்ட இடங்கள். 12ல் கார் வளைவில் ஆடாமல் நின்றது, எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் ஏற்றத்தில் கூர்மையான வளைவில், ரோடு ஈரமாக இருக்கும்போது, உள்பக்க முன் சில்லு வீணாகச் சுற்றியது. முன்சில்லு இழுக்கிற காரில் ஏற்றத்தில் பாரம் பின்னுக்குப் போகும், வளைவில் வெளிப்பக்கம் போகும். உள்பக்க முன் சில்லுக்கு இரண்டு வகையிலும் நட்டம். ஷொக் இறுக்கமாக இருந்தால் பாரம் குறைந்த அந்தச் சில்லு ரோட்டின் பள்ளத்தைத் தொடர்ந்து கீழே வரச் சுணங்கும். முன்பக்கத்தை நாலு கிளிக் தளர்த்தியதும் சுற்றுவது குறைந்தது. முழுதாக நிற்கவில்லை. அதை ஷொக்கால் நிறுத்த முடியாது, டயரும் காலும்தான் நிறுத்த வேண்டும்.

இறக்கம் வேறு மாதிரி. இறம்பொடையிலிருந்து புசல்லாவைப் பக்கம் ஏ5 ரோட்டில் இறங்கும்போது பிரேக் பிடிக்கப் பிடிக்க மூக்கில் பாரம் ஏறும், பின்பக்கம் இலேசாகும். பின் ஷொக் இறுக்கமாக இருந்தால், சிறு மேடுகள் அடுத்தடுத்து வரும் இடத்தில் பின்சில்லு துள்ளும். ஈர ரோட்டில் அது பயமுறுத்துகிற சங்கதி. தனியே போகும்போது பின்னால் முழு இறுக்கத்திலிருந்து 18வது கிளிக். ஆட்களும் மூட்டையும் ஏறினால் 12. டிக்கியிலிருந்து ஒரு நிமிட வேலை. இந்த ஒரு வசதிக்காகவே கொயிலோவர் வாங்கலாம் என்பேன்.

தோட்ட ரோட்டில் கேபிள் டை நேர்மையாகப் பேசியது. கல் ரோட்டில் மெதுவாகப் போய், ஒரு கானைக் கோணலாகக் கடந்து, திரும்பி வந்து பார்த்தால் பின்னால் டை இடி ரப்பரைத் தொட்டு நின்றது. ஐந்து பேர் இருந்தோம். பின்பக்கப் பிரீலோட்டை இன்னும் ஒரு சுற்றும், பிராக்கெட்டில் சில மில்லிமீட்டரும் கூட்டினேன். பின்னால் 355 ஆனது. கொஞ்சம் மூக்குத் தாழ்ந்த பார்வை, பரவாயில்லை. ஆட்கள் ஏறினால் சமமாகிவிடுகிறது.

வீல் எலைன்மென்டை அன்றைக்கே செய்யவில்லை. ஸ்பிரிங்கும் புஷ்ஷும் அமர்ந்துகொள்ளச் சில நூறு கிலோமீட்டர் விட்டேன். இரட்டை விஷ்போனில் இறக்கினால் சில்லின் தலை உள்ளே சாயும். எனக்கு முன்னால் முக்கால் பாகை அளவு வந்தது. அதனால் டயர் போய்விடாது. டயரைத் தின்பது டோ, அதாவது சில்லின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற அளவு. உயரம் மாறினால் அதுவும் மாறும். அதை மட்டும் சரியாகத் திருத்தினால் போதும். சாய்வைத் திருத்துகிற கம்பர் கிட் விற்க வந்தவரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டேன். ஹெட்லைட்டையும் பார்க்க வேண்டும். பின்னைவிட முன் அதிகம் இறங்கினால் வெளிச்சம் கிட்டத்தில் விழும். நானுஓயா மூடுபனியில் அது உதவி, இரவில் நேர் ரோட்டில் தொந்தரவு.

பராமரிப்பு என்று சொன்னால் சேறுதான். மழைக்காலத்தில் மண் நூலில் காய்ந்து, வளையம் இறுகிவிடும். கழுவும்போது பிரஷ்ஷால் நூலைத் தேய்த்து, உலர்ந்ததும் சிலிக்கன் ஸ்பிரே அடிக்கிறேன். கிரீஸ் பூசினால் மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எலைன்மென்டுக்குப் போன அன்றே பூட்டு வளையங்களைக் கொக்கி ஸ்பானரால் சோதித்தோம். பின் இடப்பக்கம் ஒன்று கால் சுற்றுத் தளர்ந்திருந்தது. தோட்ட ரோட்டில் அதிகம் ஓடுகிறவர்கள் இதை அடிக்கடி பார்க்க வேண்டும்.

இப்போது பின்பக்கத்தில் மிச்சம் இருக்கிற மெல்லிய தட்டல் ஷொக்கில் இல்லை, பின்சில்லைத் தாங்குகிற ட்ரெயிலிங் ஆர்மின் பெரிய புஷ்ஷில். இந்த வயதுச் சிவிக்குகளில் அது வெடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். புஷ் வந்துவிட்டது, அழுத்தி ஏற்றும் பிரெஸ் இருக்கிற கராஜ் ஹட்டனில் ஒன்றுதான் எனக்குத் தெரியும், அங்கே முறை வரட்டும்.